வெளிநாட்டு ராணுவப் பயிற்சிக்கு வடசென்னையிலிருந்து வழி உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் ராணுவம், போலீஸ், கோஸ்ட் கார்டு (இந்தியக் கடலோரக் காவல்படை) தேர்வுகளுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். நாடுகள் சேர்ந்து ஒன்றின் படையினருக்கு இன்னொன்று பயிற்சி கொடுக்கிறதே, அதைப் பற்றி அவர்களும் வீட்டுப் பெரியவர்களும் நிறையக் கேட்கிறார்கள். சிலர் ஆசையில் கேட்கிறார்கள். சிலர், யாரோ ஒருவர் அதற்காகப் பணம் கேட்ட பிறகு வந்து கேட்கிறார்கள். இந்த இரண்டாவது வகையினரை நினைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

நாடுகளுக்கு இடையிலான பாதுகாப்புப் பயிற்சி என்றால் என்ன?

ஒரு நாட்டின் ராணுவம், கடற்படை, போலீஸ், பாதுகாப்புத் துறை அதிகாரிகளை இன்னொரு நாடு தன் பள்ளியில் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது. இது அரசுக்கும் அரசுக்கும் நடக்கிற ஏற்பாடு. இந்தியா இதில் வெறும் மாணவன் இல்லை, பெரிய ஆசிரியர். 1964-ல் தொடங்கிய ‘ஐடெக்’ திட்டத்தில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் இங்கே வந்து படிக்கிறார்கள். அதில் ராணுவப் படிப்புகளும் உண்டு. வியட்நாம் கடற்படையினர் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டக் கற்றுக்கொண்டது விசாகப்பட்டினத்தில் உள்ள நம் கடற்படைப் பள்ளியில். காட்டுக்குள் சண்டையிடுவதைக் கற்க அமெரிக்க வீரர்கள் மிசோரமில் உள்ள வைரங்டே பள்ளிக்கு வந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலேயே இரண்டு பெரிய இடங்கள் இருக்கின்றன. ஒன்று பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி. இன்னொன்று குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி. வெலிங்டனில் முப்படைகளின் இடைநிலை அதிகாரிகளோடு நட்பு நாடுகளின் அதிகாரிகளும் ஓராண்டு அளவுக்குத் தங்கிப் படிக்கிறார்கள். முடிக்கும்போது அவர்களுக்குக் கிடைக்கிற முதுநிலைப் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மேஜர், சேப்பாக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தோடு ஊர் திரும்புகிறார். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது, தெரிய வேண்டும்.

வெளியே பார்த்தால், ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 1993 முதல் நடத்தும் மார்ஷல் மையம், ஹவாய் தீவுகளின் ஹொனலுலுவில் 1995 முதல் இருக்கும் ஆசிய பசிபிக் மையம், லண்டனில் உள்ள ராயல் பாதுகாப்புக் கல்லூரி ஆகியவை பெயர் பெற்றவை. துப்பாக்கி சுடுவது இங்கே பாடம் இல்லை. எல்லைப் பிரச்சினை, கடல் சட்டம், பயங்கரவாதம், பேரிடர் மீட்பு போன்றவற்றில் வேறு வேறு நாட்டு அதிகாரிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு நேராக இவற்றில் சேர முடியுமா?

முடியாது. இந்த இடங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது அந்தந்த அரசு. நீங்கள் முதலில் ஏதாவது ஒரு படையிலோ அரசுப் பணியிலோ இருக்க வேண்டும். அனுப்பப்படுகிறவர் தன் கையிலிருந்து கட்டணம் கட்டுவதில்லை. இந்த இரண்டு வரிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

பக்கத்தில் இருக்கிற கதவிலிருந்து. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது கோஸ்ட் கார்டு. இயற்பியலும் கணிதமும் படித்து ப்ளஸ் டூ முடித்தவர்கள் ‘நாவிக்’ (மாலுமி) பொதுப் பணிக்கு எழுதலாம். பத்தாவது முடித்தவர்களுக்குச் சமையல் போன்ற பணிகள் கொண்ட தனிப் பிரிவு உண்டு. அப்பாவோடு விசைப்படகில் போய் அலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கடல் பயம் கிடையாது. தடுமாறுவது எழுத்துத் தேர்வில்தான், அதுவும் கணக்கில். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கடற்படையிலும் கோஸ்ட் கார்டிலும் சேர, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அதாவது நாம் மரைன் போலீஸ் என்கிறோமே அவர்கள், கடலூர், ராமநாதபுரம், கன்னியாகுமரியில் இலவசப் பயிற்சி நடத்தியிருக்கிறார்கள். அடுத்த அறிவிப்பு எப்போது என்று மீன்வளத் துறை அலுவலகத்திலும் உங்கள் பகுதி மரைன் போலீஸிடமும் கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்காமல் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அதிகாரியாகப் போக ஆசை என்றால் ப்ளஸ் டூவோடு என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு, பட்டப்படிப்போடு சிடிஎஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணி) தேர்வு. இரண்டையும் யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. எழுத்தில் தேறினால் எஸ்எஸ்பி எனும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்முகம், அப்புறம் மெடிக்கல். வெலிங்டன், ஹொனலுலு, லண்டன் போகிறவர்களில் ராணுவ அதிகாரிகள் பெரும்பாலோர் ஒரு காலத்தில் இப்படி வரிசையில் நின்று வந்தவர்களே.

சிப்பாய்க்கு அந்த வாய்ப்பு இல்லையோ என்று வருத்தப்பட வேண்டாம். கூட்டுப் பயிற்சி என்று வந்தால் ஒரு பட்டாலியனிலிருந்தே ஆட்கள் போவார்கள். இந்தியாவும் அமெரிக்காவும் 2004 முதல் நடத்துகிற ‘யுத் அபியாஸ்’ 2025 செப்டம்பரில் அலாஸ்காவில் நடந்தது. அதற்கு இந்தியாவிலிருந்து போனது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியன். நம் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் குளிரில் நின்று அமெரிக்க வீரர்களோடு பயிற்சி செய்தார்கள்.

கல்லூரியில் படிக்கும்போதே வெளிநாடு போக வழி இருக்கிறதா?

இருக்கிறது. பெயர் என்சிசி, அதாவது தேசிய மாணவர் படை. அதில் இளைஞர் பரிமாற்றத் திட்டம் என்று ஒன்று உண்டு. இங்கிருந்து மாணவர்கள் நட்பு நாடுகளுக்குப் போகிறார்கள், அங்கிருந்து இங்கே வருகிறார்கள். டெல்லி குடியரசு தின முகாம் வரை போய்ச் சேர்ந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த வாய்ப்பு. போட்டி கடுமை, ஆனால் குடும்பப் பணம் தேவையில்லை.

பாரதி மகளிர் கல்லூரி, தியாகராயா கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரி என்று எங்கே சேர்ந்தாலும் முதல் வாரமே என்சிசிக்குப் பெயர் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் யோசித்தால் நேரம் போய்விடும். என்சிசியின் ‘சி’ சர்டிபிகேட்டை நல்ல கிரேடில் வாங்கி, பட்டத்தில் 50 சதவீதம் எடுத்தவர்களுக்குப் பரங்கிமலைக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்எஸ்பி வழியாகப் போகிற சிறப்பு நுழைவு இருக்கிறது. எனக்குத் தெரிந்து நம் பகுதியில் யாரும் போதுமான அளவு பயன்படுத்தாத வழி இதுதான்.

பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

சரிப்படும். பரங்கிமலையில் 1992 முதல் பெண்கள் அதிகாரிகளாகப் பயிற்சி பெறுகிறார்கள். 2017 முதல் சில ஆண்டுகள் ஆப்கானிஸ்தான் ராணுவத்தின் பெண் அதிகாரிகளும் அங்கே வந்து பயிற்சி எடுத்தார்கள். 2021-ல் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்ததும் அந்தப் பெண்களின் தொழிலே பறிபோனது. கூட்டுப் பயிற்சியின் பலம் எவ்வளவு, எல்லை எவ்வளவு என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐ.நா. அமைதிப் பணிக்கு முழுக்கப் பெண்களே உள்ள போலீஸ் பிரிவை உலகிலேயே முதலில் அனுப்பிய நாடு இந்தியா. 2007-ல் லைபீரியாவுக்குப் போனார்கள். என்டிஏவும் இப்போது பெண்களுக்குத் திறந்திருக்கிறது. முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தது. கடற்படையில் அக்னிவீரராகவும் பெண்கள் சேரலாம். மார்க்கெட்டில் மீன் விற்கிற ஓர் அம்மா, “என் பொண்ணு கணக்குல நூறு எடுக்குது, போலீஸைத் தவிர வேற என்ன இருக்கு” என்று கேட்டார். இவ்வளவும் இருக்கிறது என்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

போலீஸ் வேலையில் இருப்பவர்கள் வெளிநாடு போக முடியுமா?

முடியும். ஐ.நா. அமைதிப் பணிக்கு இந்தியப் போலீஸார் போகிறார்கள். தனி போலீஸ் அதிகாரியாகப் போகக் குறைந்தது ஐந்தாண்டு பணி அனுபவம் கேட்பார்கள். மொழி, கார் ஓட்டுவது, துப்பாக்கி சுடுவது மூன்றிலும் சோதனை இருக்கும். கார் ஓட்டத் தெரியாததால் இந்த வாய்ப்பை இழக்க வேண்டாம். சீருடை போட்ட முதல் ஆண்டிலேயே லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். அமைதிப்படைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க டெல்லியில் 2000 முதல் தனி மையமே இருக்கிறது. பிற நாட்டு அதிகாரிகளும் அங்கே வந்து படிக்கிறார்கள்.

இந்தக் கூட்டுப் பயிற்சியால் நம்ம கடற்கரைக்கு என்ன லாபம்?

எனக்குப் பிடித்த கேள்வி இது.

1999 அக்டோபரில் ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்கிற ஜப்பானியக் கப்பல், அலுமினியக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்டதும் கடல்கொள்ளையரிடம் சிக்கியது. மாலுமிகளை மிதவையில் இறக்கிவிட்டு, கப்பலின் பெயரையே மாற்றி எழுதி ஓட்டிக்கொண்டு போனார்கள். அரபிக்கடலில் அதை விரட்டிப் பிடித்தவர்கள் இந்தியக் கோஸ்ட் கார்டும் கடற்படையும். அதற்குப் பிறகுதான் இரு நாட்டுக் கோஸ்ட் கார்டுகளும் 2000 முதல் சேர்ந்து பயிற்சி செய்யத் தொடங்கின. அந்தப் பயிற்சி சென்னைக் கடலிலும் நடக்கிறது. 2024 ஜனவரியில் கூட ஜப்பானியக் கப்பல் நம் துறைமுகத்துக்கு வந்தது. கொள்ளையரைப் பிடிப்பது மட்டும் இல்லை, கடலில் கொட்டிய ரசாயனத்தை அகற்றுவதும் அதில் பாடம்.

அந்தப் பாடம் ஏன் வேண்டும் என்று எண்ணூர் பக்கத்து எர்ணாவூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரைக்கு வந்து கற்களில் தாராகப் படிந்தது. இளைஞர்களும் மீனவர்களும் கையில் வாளியோடு அதை அள்ளினார்கள். எண்ணூரிலிருந்து காசிமேடு வரை பல நாள் மீன் விற்கவில்லை. வாங்க ஆள் பயந்தது. கடலில் எண்ணெய் கொட்டினால் நாட்டில் அதற்குப் பொறுப்பான படை கோஸ்ட் கார்டு, அதற்கான சிறப்புக் குழு சென்னையிலேயே இருக்கிறது. அந்தக் குழு வேறு நாட்டுக்காரர்களோடு எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருக்கிறதோ, அடுத்த முறை நம் பிள்ளைகள் கையில் வாளி எடுக்க வேண்டிய நேரம் அவ்வளவு குறையும். ஒத்திகையில் நம் மீனவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2017-ல் முதலில் கடலைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். 2017 ஜூலையில் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான் மூன்றும் செய்த ‘மலபார்’ கடற்படைப் பயிற்சிக்குச் சென்னைத் துறைமுகம்தான் தளம். அமெரிக்காவின் ‘நிமிட்ஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு வந்து அதில் கலந்துகொண்டது. 2022 ஆகஸ்டில் ‘சார்லஸ் ட்ரூ’ என்கிற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுது பார்க்கக் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பலை இந்தியாவில் பழுது பார்த்தது அதுவே முதல் முறை. வெல்டிங், பைப்பிங், எலக்ட்ரிக்கல் படித்த ஐடிஐ பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டுறவில் ஒரு பங்கு உண்டு என்று அதனால்தான் சொல்கிறேன்.

இலங்கைப் படையினருக்கு இந்தியா பயிற்சி கொடுக்கிறதே, அது சரியா?

மீனவர் குடும்பங்கள் கேட்கும்போது இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேருக்குத் தாம்பரத்தில் பயிற்சி நடந்தது வெளியே தெரிந்ததும் தமிழ்நாடு கொதித்தது. முதலமைச்சர் ஜெயலலிதா கடுமையாக எதிர்த்தார். அவர்களைப் பெங்களூரு அருகே எலஹங்காவுக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு வெலிங்டனிலும் இதே பிரச்சினை எழுந்தது.

இடத்தை மாற்றியது பதில் இல்லை என்பது என் கருத்து. கேட்க வேண்டியது, வருகிறவர் எந்தப் பிரிவிலிருந்து வருகிறார், 2009 போரில் அந்தப் பிரிவு என்ன செய்தது என்பதுதான். அமெரிக்காவில் ‘லேஹி சட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. மோசமான மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு அரசுப் பணத்தில் உதவியோ பயிற்சியோ கொடுக்கக் கூடாது என்கிறது அது. அதை அவர்களே எல்லா நேரமும் நேர்மையாகக் கடைப்பிடிப்பதில்லை என்ற விமர்சனமும் இருக்கிறது. ஆனாலும் எழுத்தில் ஒரு விதி இருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கும். அப்படி ஒரு விதி நமக்கும் வேண்டும். பேச்சே வேண்டாம், பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடுக்கடலில் நம் படகை மடக்குகிற அதிகாரி கடல் சட்டத்தை ஒழுங்காகப் படித்தவராக இருந்தால் அது நமக்கும் நல்லது.

பயிற்சி பெற்றவர் நாளை எதிரணிக்குப் போய்விட்டால்?

நடந்திருக்கிறது. தாலிபான் தலைவர்களில் ஒருவராக வளர்ந்த ஷேர் முகமது அப்பாஸ் ஸ்தானிக்ஸாய், 1980-களில் ஆப்கான் ராணுவ மாணவராக டேராடூனில் உள்ள நம் ராணுவ அகாடமியில் படித்தவர். மறுபக்கம், நைஜீரியாவின் அதிபராக இருந்த முகம்மது புகாரி 1973-ல் வெலிங்டனில் படித்தவர். யார் எங்கே போய் நிற்பார் என்று பள்ளிக்கூடம் முடிவு செய்ய முடியாது.

“இஸ்ரேல் கமாண்டோ கோர்ஸ், துபாயில் வேலை உறுதி, மூன்று லட்சம்” என்கிறார்கள். சேரலாமா?

சேராதீர்கள். மேலே சொன்ன இரண்டு வரிகளை இன்னொரு முறை படியுங்கள்: அரசுகளுக்கு இடையிலான பயிற்சிக்கு இடம் விற்பனைக்குக் கிடையாது. வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர் போட்ட சர்டிபிகேட்டை எந்த நாட்டு ராணுவமும் கணக்கில் எடுப்பதில்லை. வளைகுடாவில் காவலர் வேலைக்கு அந்தந்த ஊர் விதிப்படிதான் பயிற்சியும் உரிமமும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் இந்திய அரசின் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே. பெயர் பதிவில் இருக்கிறதா என்று அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம்.

ரஷ்யா விஷயம் எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டும். உதவியாளர் வேலை, நல்ல சம்பளம், பயிற்சி மட்டும்தான் என்று சொல்லி அழைத்துப் போன இந்திய இளைஞர்களை உக்ரைன் போர்முனைக்கு அனுப்பினார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிந்து பல ஊர்களில் சோதனை நடத்தியது. அந்தப் பட்டியலில் சென்னையும் மதுரையும் இருந்தன. வேறு நாட்டு ராணுவத்தில் எந்தப் பெயரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாத மொழியில் ஒப்பந்தம் நீட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

கப்பலில் செக்யூரிட்டி வேலை?

இதில் இரண்டு வகை. மாலுமியாகப் போகிறவருக்கு உலகப் பொதுவான பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். 2004 ஜூலை 1 முதல் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் ‘ஐஎஸ்பிஎஸ்’ எனும் சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கான குறுகிய படிப்புகளை மத்திய கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனங்களில் மட்டும் படியுங்கள். உண்மையாகவே எல்லா நாடும் ஏற்கிற பாதுகாப்புச் சர்டிபிகேட் என்றால் நம் பிள்ளைகளுக்கு எட்டுகிறது இதுதான்.

இன்னொன்று ஆயுதம் ஏந்திய தனியார் காவலர் வேலை. 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ என்கிற கப்பலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து 35 பேரைக் கைது செய்தார்கள். இங்கிலாந்து, எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என்று பல நாட்டுக்காரர்கள். பலர் முன்னாள் ராணுவ வீரர்கள். ஆயுதத்துக்கு இந்திய அனுமதி இல்லை என்பது குற்றச்சாட்டு. 2016-ல் ஐந்தாண்டு தண்டனை விதிக்கப்பட்டது; இங்கிலாந்துக்காரர்கள் நம் புழல் சிறையில் இருந்தார்கள். 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. அதற்குள் அவர்கள் வாழ்க்கையில் நான்கு ஆண்டுகள் போய்விட்டன. முறையாகப் பயிற்சி பெற்ற முன்னாள் வீரர்களுக்கே அந்தக் கதி என்றால், கையில் ஒரு சர்டிபிகேட்டோடு போகிற பையனை யோசித்துப் பாருங்கள்.

சீருடை வேண்டாம், இந்தத் துறையைப் படிக்க மட்டும் ஆசை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, ராணுவ உத்தி ஆய்வுகளுக்கு ஒரு துறை இருக்கிறது, அங்கே எம்.ஏ. படிக்கலாம். ஐரோப்பாவில் கிளாஸ்கோ, டப்ளின், பிராக் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பாதுகாப்பு, உளவு ஆய்வு முதுநிலைப் படிப்புக்கு ‘எராஸ்மஸ் முண்டஸ்’ உதவித்தொகை கிடைத்து வந்திருக்கிறது. இங்கிலாந்தின் ‘சீவ்னிங்’ உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் தேவை. இவற்றுக்கெல்லாம் நேராக நீங்களே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் வேண்டாம்.

ஆங்கிலம் சரளமாக வராது. பரவாயில்லையா?

சேரும்போது பரவாயில்லை. அதிகாரி ஆவதற்கும் வெளிநாடு போவதற்கும் வேண்டும். தினமும் ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்து, அதையே புத்தகத்தை மூடி ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

ஏற்கெனவே பணமும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?

வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. எந்த ஏஜென்ட்டும் அதைப் பிடித்து வைக்க உரிமை இல்லை. முதலில் எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. அப்புறம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்; சீக்கிரம் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பிள்ளை ஏற்கெனவே வெளிநாடு போய் மாட்டிக்கொண்டிருந்தால் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ தளத்திலும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிலும் அன்றைக்கே பதிவு செய்யுங்கள். அவனுடைய பாஸ்போர்ட் நகல், விசா நகல், கடைசியாகப் பேசிய எண், அனுப்பிய இடத்தின் படம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருங்கள். புகார் எழுதத் தெரியவில்லை என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் வகுப்புக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.